விசாலமான கேபினெட்டில் விரல் நுழையாமை: ஓர் ஆய்வு

கேபினெட் பெரிதானால் உள்ளே பாகங்களைப் பொருத்துவது எளிது என்பது சென்னை ரிச்சி தெருக் கடைகள் முதல், குடும்பத்தில் ‘கம்ப்யூட்டர் தெரிந்தவர்’ என்று பெயரெடுத்த சித்தப்பா வரை எல்லோரும் ஒப்பும் கொள்கை. அற்றன்று என நிறுவுவதே இவ்வாய்வின் நோக்கம். இடம் வேறு, கைக்கு இடம் வேறு. முந்தையோர் இரண்டையும் ஒன்றெனக் கொண்டு மயங்கினர்.

முதற்கண் அளவை. 1995இல் இன்டெல் வகுத்த ஏடிஎக்ஸ் இலக்கணப்படி மதர்போர்டு 305 மி.மீ.க்கு 244 மி.மீ. கேபினெட் ஃபுல் டவராக வளர்ந்து மேசைக்கடியில் நுழையாமல் நின்றாலும் போர்டு உடன் வளர்வதில்லை. அதன் கீழ் விளிம்பில்தான் பவர் பட்டன், ரீசெட் பட்டன், விளக்குகள் ஆகியவற்றின் ஒயர்களைச் செருகும் பின்கள் உள்ளன. பின்னுக்கும் பின்னுக்கும் இடைவெளி 2.54 மி.மீ. சுற்றிலும் ஒரு குடும்பம் குடியேறலாம் போன்ற வெற்றிடம். செருகுபவரோ டார்ச்சை வாயில் கவ்வியபடி பிளஸ் எது, மைனஸ் எது என்று தடவிக்கொண்டிருப்பார். எல்இடி விளக்குக்குத்தான் பிளஸ் மைனஸ் பேதம், பட்டனுக்கு இல்லை. இது தெரியாமல் பட்டன் ஒயரைத் திருப்பித் திருப்பிச் செருகிக் கழிந்த மாலைகள் கணக்கில் அடங்கா.

இனி ஒயர். மின்சாரம் வழங்கும் எஸ்எம்பிஎஸ் இக்காலத்தில் பெரும்பாலும் கேபினெட்டின் அடியில் அமர்கிறது. ப்ராசஸருக்கு மின்சாரம் தரும் 8 பின் ஒயர் போய்ச் சேரவேண்டியதோ போர்டின் மேல் இடது மூலைக்கு. கேபினெட் உயர உயர வழி நீளும், ஒயர் நீளாது. முதுகுப்புறமாக ஏறிவந்து இலக்குக்கு இரண்டு விரற்கடை முன்பு அது நின்றுவிடும். சின்ன கேபினெட்காரருக்கு இத்துயரம் இல்லை.

ப்ராசஸர், ராம், கூலர் மூன்றையும் வெளியிலேயே போர்டில் மாட்டிவிட்டுப் பிறகு உள்ளே இறக்குவோர் ஒரு கட்சி. போர்டை இறக்கிய பின்பே மாட்டுவோர் மறு கட்சி. வழக்கு வடகலை தென்கலைக்கு இளைத்ததன்று. முதற்கட்சியார் பெரிய கூலரை முன்கூட்டியே ஏற்றிவிட்டால் மேல் ஸ்க்ரூவும் அந்த 8 பின் மூலையும் அதன் நிழலில் மறையும். எனவே பிந்திய கட்சி, கூலரைப் பொறுத்தவரை மட்டும், வெல்கிறது.

ஸ்க்ரூவுக்குத் தனி நூலே எழுதலாம். கேபினெட், எஸ்எம்பிஎஸ், 3.5 அங்குல ஹார்ட் டிஸ்க் ஆகியவை அங்குல மரபைச் சேர்ந்த 6-32 ஸ்க்ரூவை ஏற்கும், 2.5 அங்குல எஸ்எஸ்டி மெட்ரிக் மரபின் எம்3ஐ ஏற்கும். முன்னதன் விட்டம் சுமார் 3.5 மி.மீ., பின்னது 3. மாற்றிப் போட்டால் ஒன்று ஆடும், மற்றது மரையைத் தின்னும். இரண்டையும் ஒரே பிளாஸ்டிக் பையில் கலந்து தருவது தொழில் மரபு. கைதவறிய ஸ்க்ரூ சின்ன கேபினெட்டில் கண்ணெதிரே விழும். பெரியதில் எஸ்எம்பிஎஸ் மூடிக்கு அடியில் உருண்டு ஒளியும். போர்டின் அடியில் சிக்கினால் ஷார்ட் ஆகும் அபாயமும் உண்டு. மீட்க வேண்டுமானால் கண்ணாடிப் பக்கத்தோடு 10 கிலோவைத் தாண்டும் பெட்டியைத் தூக்கிக் குலுக்க வேண்டும். (அந்தக் கண்ணாடியால் ஆயுத பூஜைச் சந்தனத்துக்கும் பிடிப்பில்லாமல் போயிற்று. அது வேறு ஆய்வு.)

கிராபிக்ஸ் கார்டுக்கேனும் இடம் வேண்டாமா என்பார்க்கு: வேண்டும். என்விடியாவின் 4090 ஃபவுண்டர்ஸ் கார்டு 304 மி.மீ.; போர்டின் நீளத்துக்கு ஒரு மி.மீ.தான் குறைவு. இவ்வொரு கார்டின் பொருட்டுப் பெரிய கேபினெட்டை மன்னிக்கலாம்.

வாங்குவோர் 8 பின் எக்ஸ்டென்ஷன் ஒயரையும் சேர்த்தே வாங்குக. உற்பத்தியாளர்கள் அருள்கூர்ந்து எம்3ஐ மட்டுமாவது வேறு நிறத்தில் தருக.