அம்மாச்சி போடும் அறுவை

ஏத்தா, தேதி குறிச்சாச்சாம்ல? ஒங்கம்மா வந்து சொல்லிட்டு அடுப்படியில உக்காந்து மூக்கைச் சிந்திக்கிட்டு இருக்கா. பிள்ளை தலைய மேல வச்சு, குண்டியக் கீழ வச்சு, சம்மணம் போட்டு உக்காந்திருக்காம். வெளிய இருந்து கையால திருப்பிப் பாக்கலாம்னா பனிக்குடத்துல தண்ணி கம்மியாம். ஆப்ரேசன்தான்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. சேதி தெரிஞ்ச கொஞ்ச நேரத்துல நாலு பேரு வந்து துக்கம் விசாரிச்சுட்டும் போயிட்டாளுக. பிள்ளை பிறக்கப் போற வீட்டுல துக்கம் விசாரிக்கிற சாமர்த்தியம் நம்ம தெருவுக்கு மட்டுந்தான் உண்டு.

இப்படித் திண்ணையில கால நீட்டி உக்காரு தாயி. ஒனக்கு ஒரு ஆப்ரேசன் இல்ல, ரெண்டு. மொத ஆப்ரேசன் டாக்டரம்மா பண்ணுறது. ஒரு மணி நேரத்துல முடிஞ்சிரும், மரத்துப் போக ஊசியும் உண்டு. ரெண்டாவது, நம்ம சொந்தக்காரங்க வாயாலயே பண்ணுறது. அது ஆறு வாரம் நடக்கும், அதுக்கு ஊசி கிடையாது. மொததுக்கு டாக்டரம்மா பாத்துக்கிருவாங்க. ரெண்டாவதுக்கு அம்மாச்சி சொல்றதக் கேட்டுக்க.

ஒங்க மாமியா நேத்து என்ன சொன்னாங்க? “நாங்கள்லாம் களை வெட்டிக்கிட்டே பெத்துப் போட்டோம், மறுநா நாத்து நடப் போனோம்”னாங்கல்ல? நல்லாச் சொல்லட்டும். சம்பந்தியம்மா களைக்கொட்டு பிடிச்சத நான் ஒரு நாளும் பாத்ததில்ல, இருந்தாலும் மரியாதைக்கு நம்பிக்கிருவோம். நம்ம ஊரு எல்லையில, புளியமரத்துக்குக் கீழ ஒரு சுமைதாங்கிக் கல்லு நிக்குதே, அது எதுக்கு நட்டதுன்னு அவங்ககிட்ட கேளு. வயித்துச் சுமையோட செத்துப் போனவ நினைப்புக்கு நட்ட கல்லு தாயி. அவ பிள்ளையும் ஒன் பிள்ளை கணக்கா உக்காந்திருந்ததுதான். காலு வந்துச்சு, உடம்பு வந்துச்சு, தலை வரல. தப்பிச்சவளுக வீரக்கதை சொல்றாளுக. செத்தவ வந்து எதிர்க்கதை சொல்ல முடியுமா? அந்தக் கல்லுதான் சொல்லணும், அதுமேல நம்ம ஆளுக துண்டக் காயப் போட்டு வச்சிருக்காக.

அதுக்காகக் கத்தியெல்லாம் சாமின்னு நான் சொல்லல. 2019-21ல சர்க்கார் எடுத்த குடும்பநலக் கணக்குல, நம்ம தமிழ்நாட்டுல நூறு பிரசவத்துல 45 ஆப்ரேசனாம். நாடு பூராம் சேத்துப் பாத்தா 22-கூட முழுசா இல்ல. தனியார் ஆசுபத்திரியில 64, சர்க்கார் ஆசுபத்திரியில 36. எல்லாத் தமிழ்நாட்டுப் பிள்ளையுமா உள்ள சம்மணம் போட்டு உக்காந்திருக்கு? அதனால கேக்க வேண்டியதக் கேளு. “ஏன் வேணும்? பொறுத்தா என்ன ஆகும்? வேற வழி உண்டா?” இந்த மூணு கேள்வியையும் டாக்டர்கிட்ட கேளு. குழாயடியில கேக்காத, அங்க பதில் சொல்றவளுக்கு ஸ்கேன் படம் தெரியாது.

அடுத்தது ஒங்க மாமனாரு. பஞ்சாங்கத்தோட வந்து, பத்து நாள் முன்னாடி எடுத்தா பிள்ளைக்கு ராஜயோகம்ங்கிறாரு. முகூர்த்தம் பாத்துக் கட்டிக்கிட்ட அவரு கல்யாணம் எப்படி இருக்குன்னு கேக்கணும்னு எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு, சம்பந்தம் கெட்டுப் போகும்னு முழுங்கிட்டேன். வேற அவசரம் இல்லாட்டி 39 வாரம் ஆகட்டும்னு டாக்டரம்மா சொல்றது, பிள்ளைக்கு நுரையீரல் தேறணும்னு. முந்தி எடுத்தா மூச்சுத் திணறல் வர்றதுக்கு வாய்ப்பு கூட. ராஜயோகத்துல பிறந்த பிள்ளை கண்ணாடிப் பெட்டிக்குள்ள கிடந்தா, எந்தக் கிரகம் வந்து தாலாட்டும்? டாக்டரம்மா குடுத்த நாளுக்குள்ள ராகுகாலம் மட்டும் கழிச்சுக்கச் சொல்லு, பெரிய மனுசன் மனசும் குளுந்த மாதிரி இருக்கும். ஆனா ஒண்ணு. தேதிக்கு முன்னாடியே வலி கண்டாலோ, பனிக்குடம் உடைஞ்சாலோ, பஞ்சாங்கம் பாக்காம 108-க்குப் போன் போடு. தலை கீழ இல்லாத பிள்ளைக்குத் தொப்புள்கொடி முந்தி இறங்கிரலாம், அது ஆபத்து.

இப்ப நீ செய்ய வேண்டியது. ரத்தம் எத்தனைன்னு பாத்துக்க, 11-க்குக் குறையக் கூடாது. இரும்பு மாத்திரையத் தலகாணிக்கு அடியில சேத்து வைக்காத. டீயோட முழுங்காத, சுண்ணாம்புச் சத்து மாத்திரையோடயும் சேத்துப் போடாத. எலுமிச்சை ஜூசோட போடு. மொத நாளே நல்லாக் குளி. கீழ முடி எடுக்குறேன்னு வீட்டுல பிளேடு போடாத. சிராய்ப்புல கிருமி ஏறிக்கிரும், தேவைன்னா அங்கயே கத்தரிச்சு விடுவாங்க. நகச்சாயத்த அழிச்சிரு, விரல்ல கிளிப்பு மாட்டி ரத்தத்துல பிராணவாயு எவ்வளவுன்னு பாப்பாங்க. சோறு, இட்லி ஆறு மணி நேரத்துக்கு முன்னாடியே முடிச்சிரணும், எண்ணெய்ப் பலகாரம்னா எட்டு மணி நேரம். வெறும் தண்ணிக்கு மயக்க டாக்டர் சொல்றதுதான் கணக்கு. வயித்துல கிடக்குறது மேல ஏறி நுரையீரலுக்குள்ள போயிட்டா உசுருக்கே வினை. மேலத்தெருவுல ஒரு ஆத்தா, “வெறும் வயித்தோடயா கத்திக்குப் போவா எம் மக”ன்னு தூக்குவாளியில நாலு இட்லியக் கடத்திக் குடுத்துட்டா. ஆப்ரேசன் தள்ளிப் போச்சு. ராத்திரி வரைக்கும் அந்தப் பிள்ளை ரெண்டு மடங்கு பட்டினி. பாசம் பண்ணுன வேலை!

சர்க்கார் குடுக்குற முத்துலட்சுமி ரெட்டி பேரு போட்ட உதவி, ரொக்கமும் சத்துமாவுப் பெட்டகமுமாச் சேந்து 18,000 ரூபாய். அது ஒன் உடம்பு தேறக் குடுக்குறது. மாப்பிள்ளை புதுச் செல்போன் பாத்து வச்சிருக்காராம். அவருக்கும் பிள்ளை பெத்த களைப்பு இருக்கும் போல.

ஆப்ரேசன் அன்னைக்குப் பயப்படாத. முதுக வளைச்சு உக்காரச் சொல்லி நடுமுதுகுக்குக் கீழ ஊசி போடுவாங்க. காலு சுடும், கனக்கும், அப்புறம் இருக்கா இல்லையான்னே தெரியாது. உள்ள இழுக்குறது தெரியும், அமுக்குறது தெரியும், வலி தெரியாது. வலிச்சா வாயத் திறந்து சொல்லு, அங்க போயி நல்ல மருமக வேசம் போடாத. குளிருல பல்லு கிட்டுனாலும் பதறாத, அது சகஜம். கீறுறது அடிவயித்துல, அரைச் சாணுக்குக் கொஞ்சம் கூட. பிள்ளை பத்து நிமிசத்துல வெளிய வந்துரும். தைக்கத்தான் நேரம். வாழைப்பட்டைய உரிக்கிற கணக்கா அடுக்கடுக்காத் திறந்தத அடுக்கடுக்கா மூடணும்ல? வெளிய தெரியுற தையல் ஒண்ணு, உள்ள கிடக்குறது நாலஞ்சு. இத நம்ம ஆளுக மறந்துருவாக. வெளித்தையல் காஞ்ச அன்னைக்கே ஒங்கையில குடத்தக் குடுப்பாக.

இப்ப எந்திரிக்கிற வித்தைய நல்லாப் பாத்துக்க, நான் படுத்தே காட்டுறேன். மல்லாக்கப் படுத்தபடிக்கு விசுக்குன்னு தலையத் தூக்காத; வயிறு ரெண்டாப் போற வலி வலிக்கும். மொத முட்டிய மடக்கு. அப்படியே ஒருக்களிச்சுப் புரளு, தோளும் இடுப்பும் ஒண்ணாப் புரளணும். காலைக் கட்டிலுக்கு வெளிய தொங்க விடு. கீழ இருக்குற முழங்கைய ஊனு, மேல் கையால மெத்தைய அமுக்கி எந்திரி. உக்காந்து நாலு மூச்சு விடு, தலை சுத்துதான்னு பாரு. அப்புறம் ஒருத்தர் தோளப் பிடிச்சு நில்லு. இருமல், தும்மல், சிரிப்பு எது வந்தாலும் தலகாணிய வயித்தோட அமுக்கிக்க. மறுநாளைக்குள்ள நடக்க விடுவாங்க, நட. நாப்பது நாள் படுக்கையிலயே கிடந்தா கால் நரம்புல ரத்தம் கட்டிக்கிரும். நடக்கத்தான் சொன்னேன், நாத்து நடச் சொல்லல. ஆறு வாரத்துக்கு ஒன் பிள்ளைய விடக் கனமானத எதையும் தூக்காத. மாவாட்டுற கல்லு, தண்ணிக் குடம், சிலிண்டரு, ஒங்க மாமியா மனத்தாங்கல், எல்லாம் அந்தக் கணக்குல வரும்.

முந்தியெல்லாம் ஆப்ரேசன் முடிஞ்சா காத்துப் பிரியணும்னு குடும்பமே கட்டிலச் சுத்தி நிக்கும். சீமந்தத்துக்குக் கூட வராத பெரியப்பா “பிரிஞ்சிருச்சா, பிரிஞ்சிருச்சா”ன்னு வராண்டாவுல விசாரிப்பாரு. இப்ப சில மணி நேரத்துலயே தண்ணி, கஞ்சின்னு ஆரம்பிச்சு விட்டுர்றாங்க. நடந்தாலே காத்து தன்னால பிரியும், பெரியப்பா வர வேண்டியதில்ல.

பிள்ளைய மொத ஒரு மணி நேரத்துக்குள்ள மாருல போடச் சொல்லு. அதுக்குள்ள சீனித்தண்ணியும் தேனுமா ஒரு கூட்டம் நிக்கும், சேனை தொட்டு வைக்கணும்னு. வைக்கிறவங்க குணம் வருமாம். ஒங்க மாமாவுக்குச் சேனை வச்சது யாருன்னு விசாரிச்சுட்டு அப்புறம் பேசுவோம். ஒரு வருசத்துக்குத் தேன் நாக்குலயே படக் கூடாது, அதுல இருக்கக்கூடிய கிருமி பச்சப் பிள்ளைக்கு விசம். ஆறு மாசத்துக்குத் தண்ணியும் வேணாம். பால் பெருக ரெண்டு மூணு நாளாகும், அது வரைக்கும் சீம்பால் போதும். தையல் மேல பாரம் விழாம ஒருக்களிச்சுப் படுத்துக் குடு. இல்லாட்டி பிள்ளை காலு ஒன் அக்குளுக்குக் கீழ போற மாதிரி பக்கவாட்டுல இடுக்கிக் குடு. குடிக்கையில அடிவயிறு இழுத்துப் பிடிக்கும். கருப்பை சுருங்குது, நல்லதுதான். டாக்டரு எழுதிக் குடுத்த வலி மாத்திரைய நேரத்துக்குப் போடு. “பால் கெட்டுரும், பல்லக் கடிச்சுக்க”ம்பாளுக. வலியில சுருண்டு கிடக்குறவ எப்படிப் பால் குடுப்பா? முதுகு வலிக்கெல்லாம் ஊசியத் திட்டாத. கூனிக்கிட்டே பால் குடுத்தா ஊசி போடாதவளுக்கும் முதுகு வலிக்கும்.

பத்தியத்துக்கு வருவோம். பூண்டுக் குழம்பு, மிளகு ரசம், பால்சுறாப் புட்டு, இதெல்லாம் வரட்டும், வேணாங்காத. எனக்கும் ஒரு கிண்ணம் எடுத்து வை. ஆனா “தண்ணி குடிச்சா புண்ணு சீழ் வைக்கும், வயிறு பெருக்கும்”னு சொம்பப் பிடுங்குனா விடாத. பால் சுரக்கவும் மலம் இளகவும் தண்ணி வேணும். முட்டை, மீனு, பருப்பு, கீரை, பழம் எல்லாம் தின்னு. புண்ணு ஆறுறது அதாலதான். கதவு சன்னல அடைச்சு, காதுல பஞ்சடைச்சு, காத்தாடியையும் நிறுத்தி, சித்திரை வெயில்ல ஒன்ன அவிக்கப் பாப்பாளுக. பஞ்ச மட்டும் வேணா வச்சுக்க. ஊரு பேசுறது பாதியாவது கேக்காம இருக்கும். புண்ணுல மஞ்சளும் வேணாம், விபூதியும் வேணாம், வேப்பெண்ணெயும் வேணாம். சுத்தமாவும் ஈரம் இல்லாமலும் இருந்தாப் போதும். தையலச் சுத்தி மாசக் கணக்குல மரத்துக் கிடக்கும், அதுக்குப் பயப்படாத.

பயப்பட வேண்டியது வேற. காய்ச்சல், தையல்ல சிவப்பு, சீழு. ஒரு மணி நேரத்துல ஒரு பேடு பூராம் நனையுற ரத்தப்போக்கு. ஒரு காலு மட்டும் வீங்கி வலிக்கிறது, மூச்சு முட்டுறது. மண்டையப் பிளக்குற தலைவலி, கண்ணு மங்குறது. இதுல ஒண்ணு வந்தாலும் என்னக் கூப்பிடாத, கை மருந்து தேடாத, நேரா ஆசுபத்திரிதான். மூணாம் நாளு, நாலாம் நாளு காரணமே இல்லாம அழுக வரும், அழுதுக்க. ரெண்டு வாரம் தாண்டியும் மனசு இருட்டாவே கிடந்தாலோ, பிள்ளையப் பாக்கப் பிடிக்கலேன்னாலோ, ஏறுக்குமாறா யோசனை வந்தாலோ, அன்னைக்கே டாக்டர்கிட்ட சொல்லு. காத்துக் கருப்புன்னு வேப்பிலை ஒடிக்கக் கிளம்புறவளுக்கு வாசல்லயே காப்பி குடுத்து அனுப்பிரு.

தொட்டில் கட்டும்போதே “அடுத்தது எப்ப”ன்னு கேப்பாக. உள்ள இருக்குற தையல் தேறணும். அடுத்து உண்டாகவே ரெண்டு வருசமாவது போகட்டும். காப்பர்-டி வேணும்னா ஆப்ரேசன் பண்ணும்போதே வச்சு விடுவாங்க, முந்தியே கேட்டுக்க. மொதப் பிள்ளைக்குக் கத்தி பட்டா எல்லாத்துக்கும் கத்திதான்ங்கிறதும் இல்ல, பாத்துச் சொல்லுவாங்க. மாப்பிள்ளைகிட்ட நானே பேசுறேன். துணி மாத்த, பிள்ளையத் தூக்கித் தர, ராத்திரி முழிக்க அவருக்கும் ரெண்டு கை இருக்கு. நான் எண்ணிப் பாத்துட்டேன்.

இதெல்லாம் இந்த வீட்டுல நடக்குமான்னுதானே பாக்குற? டாக்டரு சொன்னா ஒங்க மாமியா கேக்க மாட்டாங்க, நான் சொன்னா ஒங்கம்மாவே கேக்க மாட்டா. அதனால நீ ஆசுபத்திரியில இருந்து வந்த மொத வெள்ளிக்கிழமை எனக்கு அருள் வரும், இப்பவே சொல்லிட்டேன். காளியாத்தா இறங்கி, “ஏ சம்பந்தி, பெத்தவளுக்குத் தண்ணி குடு, காத்தாடியப் போடு, ஆறு வாரம் குடத்தத் தொட விடாத”ன்னு உறுமுவா. எல்லாரும் கன்னத்துல போட்டுக்கிருவாக. நீ மட்டும் சிரிச்சுக் காட்டிக் குடுத்துராத. அடக்க முடியலேன்னா, தலகாணிய வயித்துல அமுக்கிக்கிட்டுச் சிரி.