ஒன்றரை அங்குல வள்ளல்

அலுவலகத்துக்கு ஒரு பார்சல் வந்தால் நாமெல்லாம் அதை அனுப்பியது யார் என்று பார்ப்போம். இவர் அதில் ஒட்டியிருக்கும் டேப்பைப் பார்ப்பார். பழுப்பு டேப்பா, கண்ணாடி டேப்பா, ஒரு சுற்றா, இரண்டு சுற்றா என்று பார்வையாலேயே அளந்துவிட்டு, வலது கையைப் பேன்ட் பாக்கெட்டின் வாசல்வரை கொண்டுபோய் நிறுத்திக்கொள்வார். உள்ளே விடமாட்டார். யாராவது கேட்க வேண்டும். "ஏம்ப்பா, கத்தி கித்தி இருக்கா?" என்று ஒரு குரல் எழ வேண்டும். அந்தக் குரலுக்காகத்தான் காலையில் குளித்து, சாமி கும்பிட்டு, இரண்டு பஸ் மாறி வேலைக்கு வருகிறார். சம்பளம் உபரி வருமானம்.

கேட்டுவிட்டால் சாவிக்கொத்து வெளியே வரும். வீட்டுச் சாவி, வண்டிச் சாவி, எந்தப் பூட்டுக்கென்று மறந்துபோன ஒரு சாவி. இவற்றுக்கு நடுவே சிவப்பாகச் சுண்டுவிரல் நீளத்தில் ஒன்று தொங்கும். விக்டோரினாக்ஸ் கம்பெனியின் 'கிளாசிக்'. மூடியிருக்கும்போது 58 மில்லிமீட்டர். விரித்தால் வரும் அலகு ஒன்றரை அங்குலம்கூடத் தேறாது. கூடவே ஒரு குட்டிக் கத்தரிக்கோல், நுனியில் திருப்புளியாகத் தட்டையாக்கிய நக அரம், பக்கவாட்டில் செருகிய ஒரு முள்வாங்கி, ஒரு பல்குச்சி. அந்தப் பல்குச்சியை இன்றுவரை யாரும் இரவல் கேட்டதில்லை என்பதில் அவருக்கு லேசான மனக்குறை உண்டு.

கத்தி கேட்டவர் கையை நீட்டினால் கொடுக்கமாட்டார். "கைக்குக் கை கத்தி கொடுத்தா சண்டை வரும் சார்" என்பார். நியாயம்தான். நம் வீடுகளில் உப்பையும் மிளகாயையும்கூடக் கையில் தருவதில்லை. கீழே வைத்து, எடுத்துக்கொள்ளச் சொல்வார்கள். ஆனால் இவர் கீழேயும் வைப்பதில்லை. பார்சலைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வார். மூச்சைப் பிடித்து, டேப்பின் நடுக்கோட்டில் ஓர் இழுப்பு. உள்ளே இருப்பது ஏ4 பேப்பர் கட்டுதான் என்றாலும் அதற்குக் காயம் பட்டுவிடக் கூடாதென்று அலகை மேலாகப் பிடிப்பதால் டேப் பாதிதான் அறும். அலகைத் துடைத்துக்கொண்டு இன்னோர் இழுப்பு. பார்சலுக்கு உரியவர் இதற்குள் டீ குடித்துவிட்டே வந்துவிடலாம்.

எடுத்த எடுப்பில் யாரும் இவ்வளவு சிறிய கத்திக்கு வந்து சேர்வதில்லை. இவரும் வாலிபத்தில் சந்தைக் கடையில் வாங்கிய மரப்பிடி மடக்குக் கத்தி ஒன்றை வைத்திருந்தவர்தான். கல்யாணமான புதிதில், மனைவி வழியில் ஒரு காதுகுத்து விருந்தில் பந்திக்குக் குனிந்தபோது அது வேட்டி மடிப்பிலிருந்து 'ணங்' என்று தரையில் விழுந்தது. பந்தியே அமைதியானது. மாமனார் மெல்ல அருகில் வந்து, "மாப்ளைக்கு என்ன வேலைன்னு சொன்னீங்க?" என்று புரோக்கரிடம் விசாரித்தார். அதற்கடுத்து வாங்கியது தக்கை திருகி வைத்த பெரிய சுவிஸ் கத்தி. தக்கை திருகி ஒயின் பாட்டிலுக்கானது. டாஸ்மாக் கடையில் வாங்குகிறவர்களோ மூடியைக் கையால் திருகித் திறந்துவிடுவார்கள். இவர் அந்தப் பக்கம் போகிறவரும் அல்ல. ஆகவே அந்தத் திருகி, அரிசி மூட்டையின் முடிச்சை அவிழ்ப்பதிலேயே தன் ஆயுளைக் கழித்தது. அதன்பின் கத்தி சிறுத்தது, கொள்கை பெருத்தது. "பெரிய கத்தி வெச்சிருக்கிறவன் ரவுடி. நடுத்தரக் கத்தி வெச்சிருக்கிறவன் சமையல்காரன். சின்னக் கத்தி வெச்சிருக்கிறவன்..." என்று நிறுத்துவார். யாராவது முடித்து வைப்பார்கள் என்று பார்ப்பார். முடித்து வைக்கமாட்டார்கள். "சிந்தனையாளன்" என்று அவரே சொல்லிக்கொள்வார்.

"இதால முடியாத வேலையே இல்லை சார். கொஞ்சம் நேரம் எடுக்கும், அவ்வளவுதான்" என்பது அவருடைய வேதம். அந்தக் 'கொஞ்சம் நேரம்' எவ்வளவு என்பதை அவரோடு ரயிலில் போனவர்கள் அறிவார்கள்.

கோடைக்காலம், கோயம்புத்தூர் வண்டி. எதிர் சீட்டுக் குடும்பம் அரக்கோணத்தில் ஒரு முழுத் தர்பூசணியை வாங்கி ஏற்றிவிட்டு, வெட்ட எதுவும் இல்லையே என்று விழித்தது. இவர் ஏற்கெனவே பாக்கெட் வாசலில் கையோடு தயார். ஒன்றரை அங்குல அலகு தோலையும் வெள்ளையையும் தாண்டிச் சிவப்பை எட்டிப் பார்ப்பதற்குள் பிடி வந்து இடித்துவிடும். ஆகவே பழத்தைச் சுற்றிச் சுற்றி வர வேண்டும். சுற்றும்போது வாய் சும்மா இருக்குமா? சோளிங்கர் தாண்டுகையில் கார்ல் எல்சனர் என்பவர் சுவிட்சர்லாந்தில் இபாக் என்ற ஊரில் 1884-இல் பட்டறை திறந்துவிட்டார். வாலாஜா ரோட்டில் வண்டி நின்றபோது 1891 ஆகி, சுவிஸ் ராணுவத்துக்கு முதல் சரக்கு போய்ச் சேர்ந்திருந்தது. முகுந்தராயபுரத்தில் 1897 ஜூன் 12, அதிகாரிகளுக்கான கத்திக்குக் காப்புரிமை. பழத்தில் பாதிச் சுற்று முடிந்திருந்தது; குழந்தை அழுது முடித்துத் தூங்கிப்போயிருந்தது.

"அப்புறம் அவங்க அம்மா விக்டோரியா இறந்துட்டாங்க" என்றார், நெற்றியைத் துடைத்துக்கொண்டே.

"அடப் பாவமே! எப்போ தம்பி?" என்று பக்கத்து சீட்டுப் பாட்டி பதறினார்.

"1909-ல பாட்டி."

கம்பெனிக்கு அம்மா பெயரை வைத்ததும், 1921-இல் துருப்பிடிக்காத எஃகு வந்தபோது அதற்கான 'இனாக்ஸ்' என்ற சொல்லைப் பெயரோடு சேர்த்துக்கொண்டதும் காட்பாடி பிளாட்பாரத்தில் அரங்கேறின. அங்கேதான் பழமும் இரண்டாகப் பிளந்தது. சாறு முழுக்க அவர் மடியில். பாட்டி மட்டும் பரிவோடு, "நல்லதுதான் தம்பி, இரும்பு கையில இருந்தா காத்துக் கருப்பு அண்டாது" என்றார். அவருக்கு அது பெருமையாக இருந்தாலும், துருப்பிடிக்காத இரும்புக்குப் பேய் பயப்படுமா என்ற சந்தேகம் அன்றிலிருந்து தொற்றிக்கொண்டது. இதை விளக்கும் குறிப்பு கத்தி வந்த டப்பாவில் இல்லை.

இது வெள்ளைக்காரன் பழக்கம் என்று யாராவது சொன்னால் கோபம் வரும். நம் தாத்தாக்கள் அரைஞாண் கயிற்றில் முள்வாங்கியையும் காதுக்குறும்பி எடுக்கும் கரண்டியையும் கோத்துக்கொண்டு ஊர் சுற்றவில்லையா, வெற்றிலைச் செல்லத்தில் பாக்குவெட்டி இல்லாமல் யாராவது வெளியூர் போனார்களா என்று கேட்பார். இதில் எனக்கும் உடன்பாடுதான். கீழே குனிந்தால் முள் எடுக்கலாம், திண்ணையில் உட்கார்ந்தால் பாக்கு வெட்டலாம் என்று வாழ்ந்த பரம்பரை, இன்று ஊறுகாய்ப் பாக்கெட்டைக் கோரைப்பல்லால் கடித்துப் பிய்த்து, சட்டையில் சிந்தி, எதிரில் இருப்பவரைப் பார்த்து அசடு வழிகிறது. கடிப்பவர்கள் நிறைந்த நாட்டில் வெட்டுகிறவர் ஒருவர் இருப்பது நல்லதுதான். அவர் வரலாறு சொல்லாமல் வெட்டினால் இன்னும் நல்லது.

சட்டம் அவருக்கு மனப்பாடம். 1959-ஆம் வருட ஆயுதச் சட்டம், அதன் கீழ் வந்த விதிகள், அவற்றில் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகைப் பற்றிய வாசகம் எல்லாம் ஒப்பிப்பார். மாலின் வாசலில் நிற்கும் செக்யூரிட்டி அண்ணனுக்கு இது எதுவும் தேவையில்லை. அவர் கையிலிருக்கும் கருவி 'கீ' என்று கத்தும், இவர் கொத்தை எடுத்துக் காட்டுவார், அண்ணன் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "சாவிதானே? போங்க சார்" என்பார். அங்கேதான் பிரச்சினை. "சாவி இல்லீங்க, கத்தி" என்று இவரே திருத்துவார். அதற்கப்புறம் அரை மணி நேரம் ஓரமாக நிற்பார்.

விமான நிலையத்தில் இந்தப் பாச்சா பலிக்காது. கைப்பையில் கத்தி கூடாது என்றால் கூடாது. "2013-ல அமெரிக்காவே 6 சென்டிமீட்டர் வரைக்கும் விடலாம்னு அறிவிச்சுது சார்" என்று சீருடைக்காரரிடம் அரைகுறை இந்தியில் வாதாடுவார். அறிவித்தது மார்ச்சில், எதிர்ப்புக் கிளம்பி, ஜூனிலேயே அதைக் கைவிட்டுவிட்டார்கள் என்ற பிற்பகுதியைச் சொல்லமாட்டார். கோயில் விஷயம் வேறு மாதிரி. பெரிய கோயில் வாசலில் கத்தியோடு விடமாட்டார்கள். செருப்புக் கடை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போக இவருக்கு மனம் வராது. அதனால் முதலில் மனைவி உள்ளே போய் அம்பாளைத் தரிசித்து வருவார், இவர் வெளியே கத்திக்குக் காவல். பிறகு மனைவி காவல், இவர் தரிசனம். கல்யாணமாகிப் பல வருடமாகியும் இருவரும் சேர்ந்து கும்பிட்ட சாமி தெருமுனைப் பிள்ளையார் மட்டும்தான்.

மனைவியிடம் கத்தியின் பெருமை செல்லாது. "பீன்ஸ் நறுக்கித் தரட்டுமா?" என்று இவர் அலகை விரிக்கும்போது அவர் அரிவாள்மனையில் உட்கார்ந்து பீன்ஸை முடித்து வாழைக்காய்க்குப் போயிருப்பார். "அதை இங்க கொண்டு வராதீங்க. அதாலதான் கால் நகத்தைச் சுரண்டினீங்க" என்று ஒரே வாக்கியத்தில் சுவிஸ் ராணுவத்தையே சமையலறையிலிருந்து வெளியேற்றிவிடுவார்.

சாணை பிடிப்பவரும் ஏறக்குறைய அப்படித்தான். தெருவில் சைக்கிளோடு வந்தவரிடம் இவர் ஓடிப்போய்க் கத்தியை நீட்டினார். அவர் அதை உள்ளங்கையில் வைத்து, வெயிலில் திருப்பிப் பார்த்து, "இதைக் கல்லுல வெச்சா மிச்சம் இருக்காது சார். வீட்ல அரிவாள்மனை இருந்தா எடுத்தாங்க" என்றார்.

அலுவலகத்தில் அவருக்கு எதிரிகள் இருவர். முதலாமவர் அக்கவுன்ட்ஸ் பிரிவின் நெயில்கட்டர்காரர். நம் ஊர் நெயில்கட்டரில் நகம் வெட்டுவது போக, ஒரு குட்டிக் கத்தியும், சோடா மூடி திறக்கும் வளைவும், நக அழுக்கு எடுக்கும் கூரான நாக்கும் மடங்கிக் கிடக்கும். விலையும் மலிவு, தொலைந்தால் யாரும் அழுவதில்லை. "அதெல்லாம் கத்தியா சார்? நகம் வெட்டுற சாமானுக்குத் தொங்கல்" என்று இவர் சொல்ல, "உங்களுது மட்டும் என்ன, அதுலயும் நக அரம் இருக்கே" என்று அவர் கேட்க, அன்றிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை.

இரண்டாமவர் அட்டெண்டர். ஆயுதம்: சவர பிளேடில் பாதி. காகிதத்தில் மடித்துச் சட்டைப் பையில் பஸ் பாஸுக்குப் பின்னால் வைத்திருப்பார். பார்சல் வந்தால் யாரும் கேட்பதற்கு முன்பே ஒரு கீறல், பெட்டி திறந்துவிடும். அதில் வரலாறும் இல்லை, காப்புரிமையும் இல்லை. இவர் பாக்கெட்டிலிருந்து கையை வெறுமனே வெளியே எடுத்து, தலையைக் கோதிக்கொள்வார்.

ஒரே ஒரு தடவை பிறந்தநாள் கேக் டப்பாவில் பிளாஸ்டிக் கத்தி வைக்க பேக்கரிக்காரர் மறந்துவிட்டார். அட்டெண்டரும் அன்று லீவு. அந்த ஒரு கிலோ கேக்கை இவர் கூறுபோட்ட விதத்தை இன்னும் பேசிக்கொள்கிறார்கள். பாதி கிரீம் கீலுக்குள் போய்விட்டது என்பதையும் சேர்த்து.

ஆனால் மேனேஜரே வாய் திறந்து கேட்ட நாள் ஆயுத பூஜைக்கு முந்தின வேலைநாள். அலுவலகத்தில் வாழைக்கன்று கட்டி, கலர் பேப்பர் ஒட்டி, கம்ப்யூட்டருக்கெல்லாம் சந்தனப் பொட்டு வைத்து, ஸ்டேப்ளரையும் பஞ்சிங் மெஷினையும் படத்துக்கு முன் வரிசையாக அடுக்கியிருந்தார்கள். இவர் தன் கத்தியைச் சாவியிலிருந்து கழற்றி, அவற்றுக்கு நடுவே பயபக்தியோடு வைத்தார். பொட்டு வைக்க வந்த டைப்பிஸ்ட் அம்மா தாராளமானவர். ஒரு பொட்டு வைத்தார். கத்தி காணாமல் போய்விட்டது.

கற்பூரம் ஏற்றியாயிற்று. வெளியே மேனேஜர் காரின் சக்கரத்துக்கடியில் வைத்தது போக, திருஷ்டிக்கு எலுமிச்சம்பழம் நறுக்க வேண்டும். மேனேஜர் பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "கத்தி யார்கிட்ட இருக்கு?" என்றார். மொத்த அலுவலகமும் இவரைத் திரும்பிப் பார்த்தது. நெயில்கட்டர்காரர்கூடப் பார்த்தார். இவர் கை பாக்கெட் வாசலுக்குப் போய், அங்கே ஒன்றும் இல்லாமல் நின்றது.

"பூஜையில வெச்சுட்டேன் சார். எடுக்கக் கூடாது."

அட்டெண்டர் பஸ் பாஸுக்குப் பின்னாலிருந்து பாதி பிளேடை எடுத்தார். அதை யாரும் பூஜையில் வைக்க நினைத்ததே இல்லை.

விடுமுறை முடிந்து வந்தபோது சந்தனம் காய்ந்து கெட்டியாகியிருந்தது. அலகு விரியவில்லை. கத்தரிக்கோலும் அப்படியே. பல்குச்சியால் நோண்டலாம் என்றால் அதுவே பள்ளத்தில் ஒட்டிக்கொண்டுவிட்டது. முள்வாங்கியும் வர மறுத்தது. காலையிலிருந்து வந்த பார்சல்களை அட்டெண்டர் ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தார். மதியச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால் இவர் எழுந்து, அக்கவுன்ட்ஸ் பிரிவுக்குப் போய் நின்றார்.

"உங்க நெயில்கட்டர்ல ஒரு கூர் இருக்குமே... ஒரு நிமிஷம் தர்றீங்களா?"

நெயில்கட்டர்காரர் அதை எடுத்தார். நீட்டிய கையில் கொடுக்கவில்லை.

"கைக்குக் கை கூடாதில்ல சார்? உங்களுதை இப்படி வெச்சுட்டு உட்காருங்க, நானே எடுத்துத் தர்றேன்" என்று நாக்கை விரித்து, முகத்துக்கு நேரே பிடித்துக் காட்டினார். "கொரியாச் சரக்கு. எங்க அண்ணன் கப்பல்ல இருந்தப்போ..."