கோடம்பாக்கத்திலிருந்து ஒரு படையெடுப்பு

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் நின்று பாருங்கள். ஒரு பக்கம் பள்ளிகொண்ட பத்மநாபசுவாமி. மறுபக்கம் சாலை பஜார். நடுவே பஸ் ஸ்டாண்ட். சுவாமி பெயரிலேயே ஒரு தியேட்டரும் உண்டு. இயக்குநர் அடூர் கோபாலகிருஷ்ணன் வாழும் ஊர் வேறு. திரைப்பட விழா வந்தால் ஈரானியப் படத்துக்கு சீட் பிடிக்க அடிதடியே நடக்கும். இத்தனை ரசனை கொண்ட மலையாள தேசத்தை 2000-ல் ஒரு தமிழ்நாட்டுப் பெண்மணி ஒரே படத்தில் கைப்பற்றினார். ஷகீலா!

1995-ல் 'ப்ளே கேர்ள்ஸ்' படத்தில் சில்க் ஸ்மிதாவோடு அறிமுகமானவர். 'கின்னாரத்தும்பிகள்' வந்ததும் மகாராணியாகிவிட்டார். சில லட்சங்களில் எடுத்த கவர்ச்சிப் படம் கோடிகளை அள்ளியதாம். சூப்பர் ஸ்டார் படங்களே ஒதுங்கி வழிவிட்டன என்று இன்றும் கதை கதையாகச் சொல்வார்கள். பத்திரிகைகள் இதற்கு வைத்த பெயர் 'ஷகீலா தரங்கம்', அதாவது ஷகீலா அலை. ரசிகர்கள் வைத்த பெயர்? மூச்சு விட மாட்டார்கள்!

1991-லேயே முழு எழுத்தறிவு பெற்றுவிட்ட மாநிலம் அல்லவா? போஸ்டரில் இருக்கும் 'ஏ' என்ற ஒற்றை எழுத்தைப் படிக்கத்தான் அவ்வளவு கல்வியும் போலிருக்கிறது. நூன் ஷோவுக்கு விளக்கு அணைந்த பிறகு நுழைந்து, எரிவதற்குள் நழுவ வேண்டும். அவசரத்தில் பக்கத்து சீட்டில் மாமனார் இருந்தால் இரு தரப்புக்கும் சமாதான உடன்படிக்கை.

சென்சார் போர்டின் கேரள அலுவலகமும் திருவனந்தபுரத்தில்தான். அவர்கள் பொறுப்பாக வெட்டினார்கள். சில தியேட்டர்காரர்கள் அதைவிடப் பொறுப்பாக 'பிட்டு' ஒட்டினார்கள். கதைக்குச் சம்பந்தமில்லாத பிட்டு. சில சமயம் கதாநாயகிக்கே சம்பந்தமில்லாத பிட்டு! பல காட்சிகளில் நடித்தது டூப் என்று ஷகீலாவே பின்னால் போட்டு உடைத்தார். விசில் அடித்த மகாஜனங்கள் யாரைப் பார்த்து அடித்தார்கள் என்பது அவர்களுக்கே தெரியாது.

சில வருடங்களில் அலை ஓய்ந்தது. 2007-ல் மோகன்லாலின் 'சோட்டா மும்பை'யில் ஷகீலா ஷகீலாவாகவே வந்தார். சாம்ராஜ்யம் போனாலும் பட்டம் போகவில்லை! பிறகு டிவியில் 'குக் வித் கோமாளி' சமையல் நிகழ்ச்சியின் இரண்டாவது சீசன். கரண்டி பிடித்தவரைக் கோமாளிகள் வாய் நிறைய 'அம்மா' என்றார்கள். குடும்பத்தோடு சோபாவில் இருந்த அப்பாக்கள் மட்டும், "யாரும்மா இவங்க?" என்று அப்பாவியாகக் கேட்டார்கள்.

2022 நவம்பரில் கோழிக்கோட்டு மால் ஒன்றில் ஒரு மலையாளப் படத்தின் டிரெய்லர் வெளியீடு. சிறப்பு விருந்தினர் ஷகீலா. மால் கடைசி நேரத்தில் கையை விரிக்க, விழாவே ரத்து. அவர் வருவதுதான் பிரச்னை என்றார் இயக்குநர். பாதுகாப்புக் காரணம் என்றது மால். நியாயம்தான். பழைய ரசிகர்கள் அத்தனை பேரும் பட்டப்பகல் வெளிச்சத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டால் ஆபத்துதானே!