கூடம் கோணல்தான்

1995, 96 வாக்கில் வீட்டில் லினக்ஸ் வைத்திருந்தவருக்கு இரண்டே வேலைகள். ஒன்று, சிஸ்டத்தின் மையமான கர்னலை மூல நிரலிலிருந்து கம்பைல் செய்வது. இன்னொன்று, அது ஏன் கம்பைல் ஆகவில்லை என்று கண்டுபிடிப்பது. நடுவில் நேரம் கிடைத்தால் கம்ப்யூட்டரை உபயோகித்துக்கொள்ளலாம். சவுண்ட் கார்டு பேச வேண்டுமா, கம்பைல் செய். நெட்வொர்க் கார்டை மாற்றினாயா, கம்பைல் செய். எதையுமே மாற்றவில்லையா, அதனால் என்ன, நேற்று ராத்திரி புது வெர்ஷன் வந்திருக்கிறதே, கம்பைல் செய்.

வேலை ஆரம்பிக்கும் முன் ஒரு குறுக்கு விசாரணை உண்டு. 'மேக் கான்ஃபிக்' என்று தட்டினால் கர்னல் வரிசையாகக் கேட்க ஆரம்பிக்கும். கணக்குப் போடத் தனி சிப் இருக்கிறதா? ஸ்கஸி டிஸ்க் உண்டா? உண்டென்றால் யார் செய்த கன்ட்ரோலர்? அடுத்த பக்கம், அதற்கடுத்த பக்கம் என்று போய்க்கொண்டே இருக்கும். தூக்கக் கலக்கத்தில் 'இல்லை' என்பதற்குப் பதிலாக 'ஆமாம்' என்று அடித்துவிட்டால் ஒரு கேள்வி பின்னால் போய்த் திருத்த வழி கிடையாது. முதலிலிருந்து வரவேண்டும். பின்னால் மெனு போட்டுக் கேட்கும் 'மெனுகான்ஃபிக்' வந்து பலருடைய இல்லற வாழ்க்கையைக் காப்பாற்றியது.

பிறகு மேக் டெப், மேக் கிளீன், மேக் இசட்இமேஜ். 386 மெஷின் என்றால் மணிக்கணக்கு. ஃபைல் பெயர்கள் திரையில் ஓடுவதைக் கொஞ்ச நேரம் பெருமையோடு பார்த்துவிட்டுப் படுக்கப் போகலாம். காலையில் எழுந்து வந்தால் கடைசி வரியில் கம்பைலர் உயிரை விட்டிருக்கும். சிசி1 என்ற நிரலுக்கு ஃபேட்டல் சிக்னல் 11 கிடைத்தது, உள்ளுக்குள் ஏதோ கோளாறு என்று ஒரு மரண வாக்குமூலம்.

ஒரு நிரல் தனக்குச் சொந்தமில்லாத மெமரி முகவரியில் கைவைத்தால் கர்னல் அதை அங்கேயே தீர்த்துக்கட்டும். அந்தத் தண்டனையின் நம்பர்தான் 11. யார் தப்பு என்று கேட்டால் பதில் தயாராக இருந்தது. கம்பைலர்தானே செத்தது, ஜிசிசி என்ற அந்தக் கம்பைலரில்தான் பிழை. ஜிசிசிக்காரர்கள் லினக்ஸைக் காட்டினார்கள். லினக்ஸ்காரர்கள் ஜிசிசியைக் காட்டினார்கள். மெமரி விற்ற கடைக்காரரோ, "அதே மெஷினில் விண்டோஸ் ஓடுதே சார், டூம் விளையாட முடியுதே சார், நீங்க போட்டிருக்கற ஓசி சாஃப்ட்வேர்தான் சரியில்லை" என்று இலவசமாக மருத்துவம் பார்த்தார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று எல்லோரும் லினக்ஸைப் பார்த்துச் சிரித்தார்கள்.

இந்த ஒரு வழக்கில் கூடம் நிஜமாகவே கோணல்.

அதைப் பொறுமையாக எழுதிவைத்தவர் ரோகியர் வுல்ஃப் என்ற டச்சுக்காரர். சிக்னல் 11-க்கென்றே கேள்வி பதில் கோப்பு ஒன்றைப் பராமரித்தார். அதன் சாரம் மிக எளிது: ஒன்றையும் தொடாமல் மறுபடி 'மேக்' அடி. போன தடவை செத்த அதே ஃபைலில், அதே இடத்தில் செத்தால் சாஃப்ட்வேர் பிழையாக இருக்கலாம். அதைத் தாண்டிப் போய் வேறெங்கோ விழுந்தால் சந்தேகமே வேண்டாம், ஹார்டுவேர். ஒரே கம்பைலருக்கு ஒரே ஃபைலைக் கொடுத்தால் ஒரே மாதிரிதான் சாக வேண்டும். இடம் மாறி மாறிச் சாகிறது என்றால் கீழே ஏதோ ஆடுகிறது. மெமரி, அல்லது வேக மெமரியான கேஷ், அல்லது அதிக வேகத்துக்கு முடுக்கிவிடப்பட்ட பிராசஸர்.

விண்டோஸில் ஏன் தெரியவில்லை? படத்தில் ஒரு பிட் தலைகீழானால் ஒரு புள்ளியின் நிறம் லேசாக மாறும். அரக்கனின் மூக்கு ஒரு சாயல் சிவப்பாக இருந்தால் டூம் விளையாடுகிறவன் வழக்குப் போடமாட்டான். அப்படியே விண்டோஸ் படுத்தாலும் அது விண்டோஸின் சுபாவம் என்று விட்டுவிடுவான். ஆனால் கம்பைலர் வேலை செய்யும்போது மெமரி முழுக்க பாயின்ட்டர்கள். இந்த முகவரியில் அடுத்த முகவரி, அதில் அதற்கடுத்தது என்று நீளமாகக் கோத்துவைத்திருக்கும். அதில் ஒரே ஒரு பிட் புரண்டால் முகவரி எங்கோ அந்தரத்தைக் காட்டும். கை வைத்தது, போச்சு. கர்னல் கம்பைல் என்பது கிடைக்கிற மெமரியையெல்லாம் மணிக்கணக்கில் போட்டுப் பிசையும் வேலை. மெமரியைச் சோதிக்க அதைவிடக் கடுமையான பரீட்சையை அன்றைக்கு யாரும் வீட்டில் நடத்தவில்லை.

பழைய பிசிக்களில் எட்டு பிட்டுக்கு ஒன்பதாவதாக ஒரு பாரிட்டி பிட் காவல் இருந்தது. தப்பு நேர்ந்தால் மெஷினை அங்கேயே நிறுத்திவிடும். தொண்ணூறுகளில் விலையைக் குறைக்க வேண்டுமென்று அந்தக் காவல்காரனை வேலையை விட்டு அனுப்பினார்கள். ஒன்பது சிப்புக்குப் பதில் எட்டு சிப் என்றால் லாபம்தானே. இன்னும் ஒரு படி போய், சில 486 மதர்போர்டுகளில் கேஷ் சிப் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் பிளாஸ்டிக் கட்டிகளை ஒட்டி விற்ற மகானுபாவர்களும் உண்டு. பூட் ஆகும்போது கேஷ் இருப்பதாகத் திரையில் பொய்யும் சொல்லவைத்தார்கள். ஒரு விஷயத்தில் அவர்களைப் பாராட்ட வேண்டும். அந்தக் கேஷால் ஒரு பிட்கூடப் புரண்டதில்லை. புரள அங்கே ஒன்றும் இல்லை.

கம்பைல் ஆகாத துக்கம் லினக்ஸுக்கு மட்டும் சொந்தமில்லை. 1972-இல் பெல் லேப்ஸில் கென் தாம்ப்சன், யூனிக்ஸ் கர்னலை சி மொழியில் திருப்பி எழுத உட்கார்ந்தார். யூனிக்ஸின் தந்தை, கூடவே சி மொழியின் தந்தை டென்னிஸ் ரிச்சி. இதற்கு மேல் என்ன வேண்டும்? இருந்தும் தாம்ப்சன் பாதியில் கையைத் தூக்கிவிட்டார். அன்றைய சி-யில் பலவகைத் தகவலை ஒன்றாகக் கட்டிவைக்கும் 'ஸ்ட்ரக்ட்' கிடையாது. ரிச்சி அதைச் சேர்த்துக் கொடுத்த பிறகு 1973-இல் வேலை முடிந்தது. கம்பைலர் சரியில்லை என்று புகார் சொன்னால் மொழியையே மாற்றித் தரும் சகா எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

லினக்ஸை எழுதிய லினஸ் டோர்வால்ட்ஸுக்கு வாய்க்கவில்லை. 1991 செப்டம்பரில் ஹெல்சிங்கியிலிருந்து வந்த லினக்ஸ் 0.01 சுமார் பத்தாயிரம் வரி. அதைக் கம்பைல் செய்யவே மினிக்ஸ் என்ற வேறொரு சிஸ்டம் வேண்டும். பிள்ளை பிறந்துவிட்டது, ஆனால் எதிர் வீட்டில்தான் வளர்கிறது. அந்த வருஷமே மோடத்துக்கு அனுப்ப வேண்டிய கட்டளையை லினஸ் தவறுதலாக ஹார்ட் டிஸ்க்குக்கு அனுப்பினார். டிஸ்க்குக்கு போன் பண்ணத் தெரியாது. எழுதிக்கொள்ளத் தெரியும். மினிக்ஸ் இருந்த பகுதி அம்பேல். மறுபடி மினிக்ஸ் போடுவதா, லினக்ஸையே சொந்தக் காலில் நிற்கவைப்பதா என்ற கேள்விக்கு இப்படித்தான் விடை கிடைத்தது.

அப்போது ஜெர்மனியிலிருந்து ஒருவர் முறையிட்டார். அவர் மெஷினில் இருந்தது 2 எம்பி மெமரி. ஜிசிசி அதற்குள் அடங்கவில்லை, கர்னல் கம்பைல் ஆகவில்லை, சின்னதாக வேறு கம்பைலர் இருந்தால் தேவலை என்றார். லினஸிடம் 4 எம்பி இருந்தது, அவருக்கு இந்தப் பிரச்னையே இல்லை. இருந்தும் 1991 கிறிஸ்துமஸ் சமயத்தில் உட்கார்ந்து, மெமரி போதாதபோது டிஸ்க்கைக் கடன் வாங்கிக்கொள்ளும் வசதியை எழுதினார். 1992 ஜனவரியில் 0.12-இல் அது வந்தது. மினிக்ஸில் அது இல்லை. கூட்டம் இந்தப் பக்கம் சாயத் தொடங்கியது. தொழில்நுட்ப வரலாற்றைத் தீர்மானித்தது தொலைநோக்கு என்று மேடையில் பேசுகிறவர்கள் 2 எம்பி வைத்திருந்த அந்த ஆத்மாவை மறந்துவிடுகிறார்கள்.

கம்பைல் ஆகிவிட்டால் மட்டும் நிம்மதியா? ஆசைப்பட்டு எல்லாவற்றுக்கும் 'ஆமாம்' சொன்னவருக்கு, சிஸ்டம் ரொம்பப் பெரிசு, பிஇசட்இமேஜ் முயற்சி செய் என்று கடைசி நிமிஷத்தில் கதவைச் சாத்தும். அதைத் தாண்டினால் கர்னலைப் பூட் செய்யும் லிலோ. டிஸ்க்கில் கர்னல் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று லிலோ நம்பர் போட்டு மனப்பாடம் செய்துவைத்திருக்கும். புதுக் கர்னலை வைத்துவிட்டு லிலோவை ஒரு தடவை ஓட்ட மறந்தால், பழைய நம்பருக்குப் போய்த் தேடி, சில சமயம் தன் பெயரில் முதல் இரண்டு எழுத்தை மட்டும் திரையில் போட்டுவிட்டு ஊமையாகிவிடும். அதையும் தாண்டினால், டிஸ்க்கைப் படிக்கும் டிரைவரைத் தனி மாட்யூலாக்கி அதே டிஸ்க்கில் போட்டுவைத்த புத்திசாலிக்கு வேறு பரிசு காத்திருக்கும். பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய கதைதான். ரூட் ஃபைல் சிஸ்டத்தை மவுண்ட் செய்ய முடியவில்லை, கர்னல் பேனிக்.

இந்த அல்லல்களைப் பார்த்து மனமுருகிய எரிக் ரேமண்ட் என்ற நிரலாளர், சாமானியரும் கர்னல் கம்பைல் செய்யும்படி புது முறை கொண்டுவருகிறேன் என்று கிளம்பினார். அவருடைய சாமானியர் டில்லி அத்தை என்ற கற்பனைப் பாத்திரம். டில்லி அத்தை எதற்காகக் கர்னல் கம்பைல் செய்ய வேண்டும் என்று டெவலப்பர்கள் கேட்டார்கள். 2002-க்குள் திட்டம் படுத்தது. அத்தை தப்பித்தாள்.

எப்போதும் மெமரிமேல் பழி போடுவதும் தர்மமாகாது. 2000-இல் ரெட் ஹாட் 7.0, ஜிசிசி 2.96 என்ற ஒன்றோடு வந்தது. அப்படியொரு வெர்ஷனை ஜிசிசிக்காரர்கள் வெளியிடவே இல்லை. வேலை நடந்துகொண்டிருந்த பட்டறையிலிருந்து எடுத்த பிரதி அது. அதை வைத்துக் கர்னலைக் கம்பைல் செய்ய முடியாமல், கர்னலுக்கென்றே கேஜிசிசி என்று பழைய கம்பைலர் ஒன்றையும் கூடவே கொடுத்தார்கள்.

2001-இன் கடைசி மாதங்களில் குற்றவாளி கர்னலேதான், அதுவும் 'நிலையான' 2.4 வரிசையில். அக்டோபரில் வந்த 2.4.11-இன் பெயரோடு 'டோன்ட்யூஸ்' என்று ஒட்டுப்போட வேண்டியதாயிற்று. நவம்பரில் 2.4.14. அதில் லூப் டிரைவர், ஏற்கனவே தூக்கிப்போட்டுவிட்ட ஒரு ஃபங்ஷனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது. ஆள் இல்லை, கம்பைல் இல்லை. பரிகாரம், அப்படிக் கூப்பிடும் இரண்டு வரியை அழித்துவிடுவது. உலகம் பூராவும் முன்பின் சி எழுதாதவர்கள்கூட லூப் ஃபைலைத் திறந்து இரண்டு வரி அழித்துக் கர்னல் டெவலப்பர் ஆனார்கள். அதே மாதம் 2.4.15, செல்லப்பெயர் 'எண்ணெய் தடவிய வான்கோழி'. இது அழகாகக் கம்பைல் ஆகும், பூட் ஆகும், வேலை செய்யும். மெஷினை அணைக்கும்போது ஃபைல் சிஸ்டத்தைக் கெடுத்துவிட்டுப் போகும். கம்பைல் ஆகாத 2.4.14 எவ்வளவோ மேல் என்று தோன்றவைத்த சாதனை. சில நாளில் 2.4.16 ஓடிவந்தது.

பிராசஸரைப் பிடித்த பெருமையும் கம்பைலுக்கு உண்டு. 1997-இல் ஏஎம்டியின் கே6 புதிதாக வந்திருந்த நேரம். 32 எம்பிக்கு மேல் மெமரி வைத்து, கர்னலைத் திரும்பத் திரும்பக் கம்பைல் செய்தால் சிக்னல் 11. மெமரியை மாற்றினார்கள், நிற்கவில்லை. கடைசியில் பழுது சிப்புக்குள்ளேயே. கம்பெனி ஒப்புக்கொண்டு மாற்றிக் கொடுத்தது. இருபது வருஷம் கழித்து, 2017-இல், அதே கம்பெனியின் ரைசன் வந்தபோது நிரல்களை ஒரே சமயத்தில் பல சரடாகக் கம்பைல் செய்தால் மறுபடியும் அதே சாவு. இந்தத் தடவை ஜிசிசியையே சுற்றிச் சுற்றிக் கம்பைல் செய்யும் ஸ்கிரிப்ட் ஒன்றுக்கு 'கில் ரைசன்' என்றே பெயர் வைத்தார்கள். மறுபடியும் சிப் மாற்றினார்கள்.

2022 அக்டோபரில் கர்னல் 6.1-க்கான சரக்கெல்லாம் வந்து குவியும் இரண்டு வாரத்தில், லினஸின் சொந்த மெஷினில் கம்பைல் நடுநடுவே செத்து விழுந்தது. முப்பது வருஷ அனுபவஸ்தர் முதலில் சந்தேகப்பட்டது யாரை? புதுக் கர்னலை. பழைய கர்னலில் பூட் செய்து பார்த்தார். அதிலும் விழுந்தது. ராத்திரி முழுக்க மெமரி சோதனை ஓட்டினார். இரண்டரை வருஷம் ஒழுங்காக உழைத்த மெமரிக் குச்சி ஒன்று கெட்டுப்போயிருந்தது. தப்பைத் தானே திருத்தும் ஈசிசி மெமரியைச் சாமானியருக்குக் கிடைக்கவிடாமல் செய்துவிட்டது என்று 2021 ஜனவரியில் இன்டெலைத் திட்டித் தீர்த்தவர் அவர். ஆனால் கொரோனா ஆரம்பித்த சமயத்தில் மெஷின் சேர்த்தபோது நியாயமான விலைக்கு ஈசிசி அகப்படாமல், சாதா மெமரியைத்தான் போட்டிருந்தார். புது மெமரி வரும்வரை, கர்னலின் அதிபதி லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு மற்றவர்கள் அனுப்பிய நிரல்களை இணைத்துக்கொண்டிருந்தார்.