டூர் போற மக்களுக்கு பாட்டா சொல்லுத புத்தி

டூர் போறியளாமே மக்களே? காலத்தே பத்மநாபபுரம் கொட்டாரம், மத்தியானம் திருவனந்தபுரம் மியூசியம், அந்தால மிருகசாலை, வேளி பார்க்கு. எல்லாம் ஒத்த நாளுல. கொள்ளாம். குன்னத்துகாலுல கெடக்க கெழவன் என்னத்தச் சொல்லிருவான்னு நெனைக்காம ரெண்டு புத்தி கேட்டுட்டுப் போங்க.

மொதல்ல, பொதிச்சோற களியக்காவிளை தாண்டுறதுக்குள்ள அவுக்காதிய. பசி தீந்துட்டா பொறவு அரண்மனைக்குப் போயி என்னத்தப் பாக்கதுக்கு? ரெண்டாவது, சாருட்ட கிழமைய நல்லாக் கேட்டுக்கிடுங்க. திங்கக்கிழமை கொட்டாரம் அடைப்பாக்கும். அன்னைக்குப் போனா பூட்டப் பாத்துட்டு வரலாம். அதுக்கும் சேத்து ஒரு பக்கம் கட்டுரை எழுதச் சொல்லுவாவ.

கொட்டாரம் தக்கலைக்குப் பக்கத்துல. நெலம் தமிழ்நாடு, சாவி கேரளா. 1956 நவம்பர் 1-ல மாநிலம் பிரிச்சப்ப கொட்டாரம் நிக்க கல்குளம் தாலுகா தமிழ்நாட்டுப் பக்கம் போச்சு, நம்ம நெய்யாற்றின்கரை கேரளத்துல நின்னுச்சு. ஆனா கொட்டாரத்த மட்டும் கேரள சர்க்காரு விட்டுக் கொடுக்கல. அதுனால கேரளத்துப் பிள்ளேள், கேரளத்துக் கொட்டாரத்தப் பாக்கதுக்குத் தமிழ்நாட்டுக்குப் போறிய. இது எப்பிடி சார்னு கேட்டுப் பாருங்க. சாரு ஒடனே, “வரிசையா நில்லுங்க”ன்னு சொல்லுவாரு.

செருப்பக் கழத்திட்டுத்தான் உள்ள விடுவாவ. அதுல ஒரு சொகம் உண்டு. அந்தக் கறுத்த தரை இருக்கே, செரட்டைக்கரியும் சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேத்துப் போட்டதுன்னு சொல்லுதாவ. செல்லுல படம் பிடிச்சா அதோட குளிர்ச்சி கிட்டாது, காலுக்குத்தான் கிட்டும். ஊட்டுபுரையில ஆயிரம் பேருக்கு எலை போட்ட கதை சொல்லுவாவ. எலை எடுத்தவன் ஆருன்னு கேளுங்க. போர்டுல ராசா பேருதான் இருக்கும்.

ராசா கட்டிலு ஒண்ணு உண்டு. அறுபத்துநாலு மருந்து மரத்துல செஞ்சதாம். அதுல படுத்தும் மகராசனுக்கு ஒறக்கம் வந்துச்சான்னு ஒருத்தரும் எழுதி வைக்கல.

பொறவு திருவனந்தபுரம். 1795-ல திருவிதாங்கூர் தலைநகரமே பத்மநாபபுரத்த விட்டு அங்கதான் போச்சு. ராசா போன வழியில நீங்களும் போறிய. அங்க உள்ள மியூசியத்துக்கு மெட்ராஸ் கவர்னரா இருந்த நேப்பியர் பேரு. பிளான் போட்டது சிஷோம்னு ஒரு வெள்ளக்காரன். கட்டி முடிச்சது 1880-ல. வெயில் காலத்துலயும் காத்து தானா உள்ள ஓடுத மாதிரி கட்டியிருக்காவ. நீங்க சாமி சிலையெல்லாம் பாக்கண்டாம், அந்தக் காத்து எந்த வழியா வருதுன்னு மட்டும் கண்டுபிடிச்சுட்டு வாங்க. மிருகசாலையில புலி ஒறங்கினா எழுப்பாதிய. அதுக்கு ஓம்வொர்க் கெடையாது, ஒறங்கட்டு.

ஒழுங்கா டூர் போறது எப்பிடின்னு படிக்கணும்னா நவராத்திரிக்கு ரோட்டோரம் வந்து நில்லுங்க. பத்மநாபபுரத்துலேருந்து திருவனந்தபுரத்துக்குச் சரஸ்வதி ஆனைமேல வரும். வேளிமலை முருகன், சுசீந்திரத்து முன்னுதித்த நங்கை எல்லாம் கூட வரும். களியக்காவிளையில ரெண்டு சர்க்காரு போலீசும் நின்னு மரியாதை கொடுக்கும். நடந்து போறதுனால வழியில உள்ள ஒவ்வொரு ஊருக்காரனும் சாமியப் பாப்பான், சாமியும் ஊரப் பாக்கும். உங்க பஸ்ஸுல பாட்டுப் போட்டா பாறசாலை வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது.

கடைசியா ஒண்ணு. நெய்யாற்றின்கரை கிருஷ்ணன் கோயிலுல அம்மச்சிப்பிலாவுன்னு ஒரு பிலா மூடு உண்டு. மார்த்தாண்டவர்மா திருவிதாங்கூர் ராசா ஆகுறதுக்கு முன்ன, அவர எதிர்த்த எட்டு வீட்டுப் பிள்ளைமாரு தொரத்தினப்ப அந்தப் பிலாப் பொந்துக்குள்ளதான் ஒளிஞ்சு தப்பிச்சாருன்னு நம்ம பாட்டனுவ சொல்லி வச்சது. பொந்தக் காட்டிக் கொடுத்தது ஒரு சின்னப் பயலாம், உங்க பிராயம் இருக்கும். அங்க ஒரு பள்ளிக்கூடமும் டூர் போடாது. கிட்டத்துல கெடக்கே, துட்டுப் பிரிக்க ஒக்குமா?

அறுபத்துநாலு மரத்துக் கட்டிலப் பாக்க ஊரெல்லாம் கியூவுல நிக்குது. ராசாவுக்கு உசுரு கொடுத்த ஒத்த மரம் நம்ம பக்கத்துல. ஞாயிற்றுக்கிழமை ஏழெட்டுப் பேரு சைக்கிள எடுத்துக்கிட்டு ஒரு நடை போயிட்டு வாங்க. சாருட்ட சொல்லண்டாம். சொன்னியன்னா அவரும் வருவாரு, அதுக்கும் ஒரு கட்டுரை எழுத வேண்டியது வரும்.