18 மீட்டர் மாப்ள

வாடா மாப்ள, குந்து. கார்டைக் காட்டு பாக்கலாம். போட்டோவுல நல்லாத்தான் கீற. உலகம் பூரா செல்லுபடியாமே? புதுவாயல் கூட்ரோட்டு டீக்கடையில கடன் கேட்டா மட்டும் செல்லாது போல.

நாலு தபா கடல்ல எறங்கி ஏறினா இந்த ஸ்கூபா கார்டைக் குடுத்துடறாங்க. 18 மீட்டர் ஆழம் வரைக்கும், கூட ஒரு ஆளை வெச்சுக்கினு, போவலாம்னு அதுக்கு அர்த்தம். நீ இன்னாடான்னா வாட்ஸப்புல "கடல் என் வீடு"ன்னு போட்டுக்கினு கீற. வூட்டு வரி எந்த ஆபீஸ்ல கட்டறே?

அதுக்குள்ள ரெகுலேட்டர், ஜாக்கெட், கையில கட்டற கம்ப்யூட்டர் எல்லாத்தையும் தவணையில எடுக்கணுமாம். என் பொண்ணு கழுத்தைப் பாத்துக்கினே தவணைன்னு சொல்றே பாரு, அங்கதான் எனக்கு வவுத்தைக் கலக்குது. மொதல்ல ஒரு மாஸ்க் வாங்கு, போதும். கடையில வாரை மாட்டாம மூஞ்சியில வெச்சு மூக்கால லேசா இழு. கையை எடுத்தாலும் விழாம ஒட்டிக்கினு நின்னா அது உன் மூஞ்சிக்குப் பொறந்தது. மீசையை மூக்கடியில கொஞ்சம் ஒதுக்கிக்க, இல்லாங்காட்டி அந்த வழியா தண்ணி வரும். கண்ணாடி மங்கிச்சுன்னா எச்சில் துப்பித் தேய்க்கணும். இதைக் கத்துக்க எவ்ளோ பணம் கட்டினேன்னு உங்க அத்தைகிட்ட மட்டும் சொல்லிடாத. மிச்ச சாமானெல்லாம் வாடகைக்கு எடு.

இன்னொண்ணும் காதுல உழுந்துது. கும்மிடிப்பூண்டி சிப்காட்ல நீ பாத்துக்கற கம்ப்ரசர்லயே சிலிண்டரை ரொப்பிக்கலாம்னு கூட்டாளிங்ககிட்ட பீத்திக்கினியாமே. நல்ல ரோசனை. உன் லைன்ல ஓடறது 7 பார். சிலிண்டர் கேக்கறது 200 பார். அது போவட்டும், உன் மெசின் காத்துல ஆயில் கீது, பக்கத்துல வண்டி நின்னா அந்தப் பொகையும் கீது. தரையில தலைவலியோட போற கார்பன் மோனாக்சைடு, ஆழத்துல அழுத்தம் ஏற ஏற ஆளையே சாச்சுப்புடும். மூச்சுக் காத்துக்குன்னு தனி கம்ப்ரசர், தனி பில்டர் வெச்சிருக்கறவன்கிட்டதான் ரொப்பணும்.

ஆனா அந்த ரெகுலேட்டரைப் பாத்து நீ பெருமைப்படலாம். உன்னை மாதிரி கம்பெனி ஆளு கை வெச்சதுதான். பெட்ரோல் கெடைக்காத யுத்த காலத்துல, காரைக் கேஸ்ல ஓட்டறதுக்கு வால்வு செஞ்சுக்கினு இருந்தாரு எமில் கன்யான்னு ஒரு இன்ஜினீயரு. கடல்மேல பைத்தியமா இருந்த கூஸ்தோ அவரைத் தேடிப் போனாரு. ரெண்டு பேரும் சேந்து அந்த வால்வைத் திருத்தி 1943-ல தண்ணிக்கடியில மூச்சு வுட வெச்சாங்க.

இப்ப உன் பெரிய வித்தைக்கு வரேன். பம்புசெட் கெணத்துல மூச்சடக்கி அடிமண்ணு அள்ளிக்கினு வருவியே, அது. அதைத்தான் நீ மொதல்ல மறக்கணும். கெணத்துல நீ கொண்டுபோற காத்து மேல நின்னு இழுத்தது. கீழ போனா சுருங்கும், மேல வந்தா பழைய அளவுக்கு வரும், ஒரு கேடும் இல்ல. கடல்ல 10 மீட்டர்ல நின்னுக்கினு சிலிண்டர்ல நெஞ்சு ரொம்ப இழுத்தேன்னு வெச்சுக்க. அங்க அழுத்தம் தரையில கீறதைப்போல ரெண்டு பங்கு. அந்த மூச்சை அடக்கிக்கினே மேல வந்தா, அதே காத்து ரெண்டு மடங்கா விரியும். நுரையீரலுக்கு அவ்ளோ எடம் ஏதுடா? மூச்சை நிறுத்தவே கூடாது, சீட்டுக் கம்பெனிக்காரன் பேச்சு மாதிரி ஓடிக்கினே இருக்கணும். ஏறும்போது நிமிசத்துக்கு 9 மீட்டருக்கு மேல வேணாம். 5 மீட்டர் வந்ததும் 3 நிமிசம் சும்மா நில்லு. சும்மா நிக்கறது உனக்குக் கஷ்டமில்ல, உன் தங்கச்சி கலியாணத்துல பந்தி பரிமாறச் சொன்னப்பவே பாத்தவன் நான்.

தூத்துக்குடிப் பக்கம் முத்துக்குளிக்கறவங்க கல்லோட பாரத்துல சர்ருன்னு எறங்குவாங்க. மேல படகுல ஒருத்தன் கயித்தைப் புடிச்சுக்கினு இருப்பான். அந்தக் கயிறு மச்சான் கையிலதான் இருக்கணும்னு சொல்லுவாங்க. கூடப்பொறந்தவ தாலிக்கு பயந்தாவது இழுத்துடுவான் பாரு. 1961-ஓட அந்த முத்துக்குளிப்பு நின்னு பூடுச்சு, மச்சான் வேலை நிக்கல. இப்பவும் ஜோடி இல்லாம எறங்கக் கூடாதுன்னுதான் உங்க வாத்தியாரும் சொல்லியிருப்பாரு. என் பையன் வரேன்றான். அவன்கிட்ட நீ கைமாத்து வாங்கி இன்னும் திருப்பித் தரல, அதனால கண்டிப்பா உன்னை மேல கொண்டாந்துடுவான். அவனுக்கும் கார்டு வரட்டும். அதுவரைக்கும் காசு குடுத்து டைவ் மாஸ்டரையே ஜோடியா வெச்சுக்க. எறங்கறதுக்கு முன்னாடி ஜாக்கெட், வெயிட்டு, வார், காத்து எல்லாத்தையும் ஒருத்தனுக்கு ஒருத்தன் தடவிப் பாத்துக்கணும். வெக்கப்படாத.

நம்ம பக்கத்துலயே எறங்கினா இன்னான்னு கேக்கறே. பழவேற்காடு ஏரி கூப்பிடு தூரந்தான். ஆழம் சராசரி ஒரு மீட்டர். நீ சிலிண்டரோட உள்ள படுத்தா பூநாரை உன்மேல ஏறி நின்னு மேயும், கையால எறா தடவற பொம்பளைங்க சிரிச்சே மாளுவாங்க. எண்ணூர்ப் பக்கம் வேணாம். கப்பல் வழி, அனல் மின்நிலையத்துச் சாம்பல், போதாததுக்கு 2017 சனவரியில ரெண்டு கப்பல் முட்டிக்கினு கொட்டின எண்ணெயை வாளி வாளியா அள்ளின எடம்.

பாண்டிச்சேரி போ. அங்க கடலுக்குள்ள செயற்கைத் திட்டு போட்டு வெச்சிருக்காங்க, மீன் கூட்டங்கூட்டமா வந்து குடியேறிக்கினு கீது. பாண்டின்னதும் உன் மூஞ்சியில ஒரு வெளிச்சம் வந்துது பாத்தியா, அதைத்தான் அணைக்கணும். ராத்திரி குடிச்சா ஒடம்புல தண்ணி வத்தும், வத்தின ஒடம்புல, ஆழத்துல மூச்சோட கரைஞ்ச நைட்ரஜன் சேட்டை பண்ணும். காலையில எறங்கி முடிச்சுட்டு அப்புறம் உன் பாடு.

நம்ம கடல்ல சில நாள் பத்துப் பதினஞ்சு மீட்டர் தெரியும், சில நாள் உன் கையே உனக்குத் தெரியாது. ஐப்பசி, கார்த்திகையில போவாத, ஆத்துத் தண்ணியெல்லாம் அங்கதான் வந்து கலங்கும். மாசி, பங்குனியில போ. போனை நோண்டறதுக்கு முன்னாடி கரையில வலை பின்னிக்கினு குந்தியிருக்கற பெரியவருகிட்ட, தெண்டி ஓடுதா வன்னி ஓடுதான்னு கேளு. தெக்கால இருந்து வர்ற நீரோட்டம் தெண்டி, வடக்கால இருந்து வர்றது வன்னி. அவரு இன்னைக்கு வேணாம்னு தலையாட்டினா, கட்டின பணம் போனாப் போவுதுன்னு திரும்பிடு.

கேமராவை மட்டும் கொஞ்ச நாளைக்குப் பொட்டியிலயே வெச்சிரு. 11 லிட்டர் சிலிண்டர்ல 200 பார் கீது, அதுல 50-ஐ மிச்சம் வெச்சுக்கினு மேல வரணும். உன்னை மாதிரி புதுசா எறங்கறவனுக்கு 18 மீட்டர்ல அரை மணி தாண்டறதே கஷ்டம். செல்பிக்குக் கை கால் ஆட்டினா இன்னும் சீக்கிரம் தீந்துடும்.

மட்டக்களப்புக் கடல்ல கெடக்கற ஹெர்மிஸ் கப்பலைப் பாக்கணுமாமே, 1942-ல ஜப்பான்காரன் குண்டு போட்டு முழுவடிச்சானே அது. அது 50 மீட்டருக்கும் கீழ கீது. உன் கார்டு 18. மிச்சத்துக்கு யாரு கார்டை எடுத்துக்கினு போவே? அந்தமானுக்குப் போ, தடுக்கல. கடைசி டைவுக்கும் பிளைட்டுக்கும் நடுவுல 18 மணி நேரம் வுட்டு டிக்கெட் போடு. லீவு இல்லன்னு சூப்பர்வைசரு கத்தினா கத்தட்டும்.

அப்புறம், நெனப்புக்காகன்னு பவளம், கடல்குதிரை, கடல் அட்டைன்னு எதையும் சுருட்டிக்கினு வந்துடாத. 1972 வனவிலங்குச் சட்டத்துல புலிக்குப் பக்கத்துல அதுங்க பேரும் கீது. வெறுங்கையோட வர்றதுக்கு மனசு வரலன்னா, வர்ற வழியில காசிமேட்டுல வண்டியை நிறுத்தி ரெண்டு கிலோ வஞ்சிரம் வாங்கிக்க. பில்லைக் கிழிச்சுப் போட்டுட்டு வா. நீ கையாலயே புடிச்சதுன்னு என் பொண்ணுகிட்ட நான் சொல்லிக்கறேன், நடு துண்டு எனக்கு.