சோபாவுக்கு வந்த மரியாதை

வீடு மாற்றும்போதுதான் தெரிகிறது, நம் வீட்டில் யாருக்கு மரியாதை என்று. தாத்தாவுக்கு ஒரு போர்வை. சோபாவுக்கோ ஸ்ட்ரெட்ச் ஃபிலிம், பபிள் ராப், அதற்கு மேல் அட்டை.

பபிள் ராப் 1957-இல் அமெரிக்காவில் சுவரில் ஒட்டும் அலங்காரத் தாளாகப் பிறந்தது. சுவர்கள் சீண்டவில்லை, பார்சல்காரர்கள் தத்தெடுத்தார்கள். அதன் குமிழ்ப் பக்கத்தை பாலிஷ் போட்ட தேக்கு மேசைமேல் நேரடியாகச் சுற்றி, சித்திரை வெயிலில் லாரி ஏற்றினால், இறக்கும்போது மேசைக்கு அம்மைத் தழும்பு. அடியில் ஒரு பருத்திப் போர்வை விரித்திருந்தால் தப்பியிருக்கும். ஆனால் அதற்கு ‘பிரீமியம் பேக்கிங்’ என்று பில் போட முடியாதே!

குடோனில் மாதக்கணக்கில் கிடக்கப்போகும் சாமானுக்குக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் போடுவது இன்னும் விசேஷம். தூசி உள்ளே போகாது. ஐப்பசி ஈரம் வெளியே வராது. பூஞ்சைக்குக் கொண்டாட்டம். காற்றோட்டமுள்ள துணி உறையைக் காட்டினால், “இவ்வளவு மலிவா?” என்று முகம் சுளிப்போம்.

ஒருவழியாகப் புது வீட்டில் இறக்கியாயிற்று. சோபாவின் பிளாஸ்டிக் உறையைப் பிரிக்கலாமா? “இருக்கட்டும், அழுக்காயிடும்!” வந்தவர்கள் சரசரவென்று உட்கார்ந்து, வியர்த்து, ஒட்டிக்கொண்டு எழுகிறார்கள். ஒரு லாபம்: அடுத்த முறை வீடு மாற்றும்போது பேக்கிங் செலவு மிச்சம்.